உலகம் அழிந்த விளையாட்டில் நான் அடித்த தண்டவாளம்

முதலில் நான் கட்டியதைச் சொல்லிவிடுகிறேன். சண்டைக்கு அப்புறம் வருகிறேன்.

மலேசியாவின் பேராக்கில், ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்றவன் நான். அந்த நாலு வகுப்பை வைத்துக்கொண்டு ஈப்போவில் தண்ணீர்த் தொட்டி, பம்பு, குழாய் வேலைக்கு ஒரு கடை கட்டினேன். ஆரம்பத்தில் கடை என்பது ஒரு சைக்கிள்தான். பின்னால் கட்டிய பலகைப் பெட்டியில் இரண்டு ஸ்பேனர், ஒரு ரம்பம், ஒரு கட்டு சணல். இன்றைக்கு வாசலில் என் லோரிகள் நிற்க இடம் போதவில்லை என்று பக்கத்துக் கடைக்காரன் புகார் சொல்கிறான். சுண்ணாம்பு மலையடியில் தண்ணீரே கிடையாது என்று படித்த கம்பெனிக்காரர்கள் கைகழுவிப் போன இடத்தில் நான் ஆழ்கிணறு போட்டேன். அங்கே இருக்கும் கோழிப்பண்ணை இன்றும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலை பழைய இரும்பென்று தள்ளிய பம்பை லோரியில் ஏற்றி வந்து, பிரித்து, துடைத்து, சித்தியவானில் ஒரு கோயில் குளத்தை நிறைத்தேன். என் வீட்டையும் நானே கட்டினேன். "கொத்து வேலை தெரியாதவன் கட்டிய வீடு, ஒரு மழைக்குத் தாங்காது" என்று சொன்ன மைத்துனன், தாமான் குடியிருப்பில் வாங்கிய வீட்டில் வெள்ளம் வரும்போதெல்லாம் மேசைமேல் ஏறி உட்காருகிறான். என் வீட்டுக் கூடத்தில் ஒரு பாய்கூட நனைந்ததில்லை.

இதெல்லாம் பின்னால் வந்தது. இதற்கெல்லாம் முன்னால் ஒன்று செய்தேன். தோட்டம் மூடி, கம்பெனி கைவிட்டு, தண்ணீரும் கரண்டும் நின்றுபோன தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் மிச்சம் இருந்த குடும்பங்களைக் கலைந்துபோகாமல், ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்ளாமல் காப்பாற்றி வைத்தேன். சண்டை அதைப் பற்றித்தான். சண்டை யாரோடு என்றால், ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டோடு. சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

என் தங்கச்சி மகள் ஈப்போ பழைய டவுனில், ஒரு காப்பிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் விளையாட்டுக் கம்பெனியில் வேலை செய்கிறாள். காம்பார் யூனிவர்சிட்டியில் படித்தவள். முப்பது தாண்டிவிட்டது. கம்ப்யூட்டரில் வீடு, மரம், மனிதர்களை வரைவது அவள் வேலை. ஒருநாள் மத்தியானம் என் கடைக்கு வந்து, குழாய்க் கட்டுமேல் உட்கார்ந்துகொண்டாள்.

"மாமா, உலகம் அழிஞ்சிடுச்சுன்னு வச்சுக்குங்க."

"யார் அழிச்சது?"

"யாரோலா. வியாதியோ சண்டையோ. இருபது வருஷம் ஆகிப்போச்சு. இந்தப் பக்கம் கொஞ்சம் பேர்தான் மிச்சம். அவங்க ஒரு பழைய எஸ்டேட்டுல வந்து தங்குறாங்க. எப்படிப் பிழைப்பாங்க? அதான் எங்க கேம். எங்க ஆபீஸ்ல எஸ்டேட்டை உள்ள போய்ப் பார்த்த ஆளு ஒருத்தருமில்ல. பாஸ் உங்களைக் கூட்டிட்டு வரச் சொல்றாரு."

"எனக்கு உலகம் ஒரு தடவை அழிஞ்சிருக்கு. சரி, சாப்பிட்டியா?" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை போனேன். மாடிப்படி ஏறினதும் ஏர்கோன் குளிர். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பூனைகள். ஒன்று கீபோர்டின்மேல் படுத்திருந்தது. பாஸ் ஒரு சீனர். நாற்பது வயது இருக்கும், அரைக்கால் சிலுவார் போட்டிருந்தார். என்னை அங்கிள் என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுப் பாஷை சந்தை மலாய்தான், அதனால் பேச்சு நன்றாகவே ஓடியது. பெரிய திரையில் பாதி முடிந்த விளையாட்டைப் போட்டுக் காட்டினார்.

பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் ஏறியது.

கதாநாயகன் தோல் ஜாக்கெட் போட்டிருக்கிறான், பேராக் வெயிலில். நடந்து வருகிறான். எண்ணெய் ஸ்டேஷனில் இருபது வருஷமாகக் கிடந்த ஒரு தகர டப்பா பெட்ரோலை எடுத்து வண்டியில் ஊற்றுகிறான். சாவியைத் திருகுகிறான். வண்டி கிளம்பிவிட்டது. லயத்துக்குள் வருகிறான். ஒரு வீட்டு அலமாரியைத் திறந்தால் ரொட்டி. இன்னொரு அலமாரியில் டார்ச் பேட்டரி. மேசை டிராயரில் துப்பாக்கி ரவை, கட்டிலுக்கடியில் துப்பாக்கி ரவை, சாமி மாடத்தில்கூட துப்பாக்கி ரவை. தாகம் எடுத்ததும், பழைய ஈயச் சுரங்கம் தோண்டிய ஈயக்குட்டைக்குப் போய் இரண்டு கையாலும் அள்ளிக் குடிக்கிறான். குடித்துவிட்டு எழுந்து ஓடுகிறான்.

"நிறுத்து" என்றேன்.

தோட்டத்து ஆபீஸ் பூட்டப்பட்டபோது பம்பு வீட்டில் ஒரு டிரம் டீசலை விட்டுப் போனார்கள். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அதற்குள் கறுப்பாகச் சளி பிடித்துவிட்டது. அதை ஊற்றியதில் பம்பின் தொண்டை அடைத்தது. டீசல் கதியே அது, பெட்ரோல் இருபது வருஷம் நிற்குமா? நம் ஊர் ஈரத்தில் டார்ச் பேட்டரி அலமாரிக்குள் இருந்தபடியே கசிந்து பச்சையாகப் பூத்துவிடும். ஸ்டோரில் கிடந்த சார்டின் டின் பந்து மாதிரி உப்பியதை நான் கண்ணால் பார்த்தவன். ரொட்டியாம் ரொட்டி. ஆள் இல்லாத வீட்டில் இருபது வருஷத்தில் முதலில் அலமாரியே இருக்காது, கறையான் தின்றிருக்கும். கூரை இருக்காது. வாசல் எங்கே, அடுப்படி எங்கே என்று தெரியாமல் லாலாங் புல் இடுப்பளவு நிற்கும். ரவை எங்கிருந்து வந்தது? எங்கள் தோட்டத்திலேயே துப்பாக்கி ஒன்றுதான், அதுவும் மேனேஜர் பங்களாவில். எங்களிடம் இருந்தது பால்வெட்டு உளியும் பாராங் கத்தியும். ஈயக்குட்டைத் தண்ணீர் குடித்தவனை நான் பார்த்திருக்கிறேன். அவன் ஓடியது கக்கூசுக்கு.

எல்லாவற்றையும் அங்கேயே நின்றுகொண்டு சொன்னேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். பாஸ் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"அங்கிள், எல்லாம் நிஜமா வச்சா யாரும் விளையாட மாட்டாங்க. கொசுப்புழுவை வடிகட்டவே அரைநாள் போயிடும்."

"அதுதான் பிழைப்பு."

"பிழைப்பு வேற, விளையாட்டு வேற. ஆள் ஏன் ஒரு அலமாரியைத் திறக்கிறான்? உள்ள ஏதோ இருக்கும்னு நினைக்கிறான். ஒரு தடவை ஒரு டின் கிடைச்சாத்தான் அடுத்த அலமாரியைத் திறப்பான். ஒண்ணுமே கிடைக்காதுன்னு தெரிஞ்சா வீட்டுக்குப் போயிடுவான்."

இது சரியான பேச்சு. எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் சரியான பேச்சு. நானே ஒவ்வொரு காலி லயத்து வீட்டுக்குள்ளும் அப்படித்தான் நுழைந்தேன், ஒரு குழாய்த் துண்டாவது கிடைக்கும் என்று. அதனால் டின் இருக்கட்டும், ஆனால் பத்தில் ஒன்று உப்பியிருக்கட்டும், தின்றால் படுக்கட்டும் என்று முடிவு செய்தோம். பெட்ரோல் போனது. வண்டிக்குப் பதில் சைக்கிள் வந்தது. ஜாக்கெட் போய் நீளக்கை சட்டையும் தலைத்துணியும் வந்தது. ஈயக்குட்டைத் தண்ணீரைக் குடித்தால் ஆள் விழுவான் என்றானது. கக்கூஸ் வேண்டும் என்று கேட்டேன், அதை மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை தோறும் போனேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. என் கடையை லோரிக்காரனிடம் விட்டுவிட்டுப் போனேன். அங்கே என்னைவிட நன்றாக விளையாட்டில் உயிரோடு இருந்தவன் ஒருவனும் கிடையாது. என் கட்டைவிரலுக்கு அந்தப் பொத்தான்கள் பழகவே ஒரு மாதம் ஆனது, அப்புறம் அந்தப் பிள்ளைகள் என் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"மாமா சுடவே மாட்டேங்கிறாருலா," என்றான் ஒருவன்.

"சுட்டா சத்தம் கேக்கும். சத்தம் கேட்டா நாலு பேர் வருவான். நாலு பேர் வந்தா உன் தண்ணிய எவ்வளவு நாளைக்கு ஒளிச்சு வைப்ப?" என்றேன்.

அப்போதுதான் பாஸ் கேட்டார், "அப்போ சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடவே கூடாதா?"

"கூப்பிடலாம். கூப்பிடுறதுக்கு ஒரு முறை இருக்கு."

அவர்களுக்கு நான் பெரட்டைச் சொன்னேன்.

தோட்டத்தில் விடியுமுன் ஆபீஸ் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடிப்பார்கள். ஆட்கள் திடலில் வந்து நிற்பார்கள். கங்காணி ஒவ்வொருவராகப் பேர் கூப்பிடுவார். இருக்கேன் என்று சொல்ல வேண்டும். சொன்னவனுக்கு இன்றைக்கு எந்த நிரை மரம் என்று பிரித்துக் கொடுப்பார். அதற்குத்தான் பெரட்டு என்று சொல்வது. கூப்பிட்டபோது இல்லாதவனுக்கு அன்றைக்குப் பேர் விழாது, வேலையும் இல்லை.

நிலத்தை விற்றார்கள். தோட்டம் மூடியது. போக இடம் இருந்தவர்கள் போனார்கள். போக இடமில்லாத குடும்பங்கள் லயத்திலேயே இருந்தோம். மூடின மறுநாள் விடியுமுன் என்ன நடந்தது தெரியுமா? தண்டவாளத்தை யாரும் அடிக்கவில்லை. ஆனாலும் எல்லாரும் தலையில் துணி கட்டி, உளியை எடுத்துக்கொண்டு திடலில் வந்து நின்றோம். கங்காணி போய்விட்டார், ஆபீஸ் பூட்டு தொங்குகிறது, பால் வெட்ட மரம் இல்லை, எல்லாம் எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் வந்து நின்றோம். காலுக்குத் தெரியவில்லை. வெயில் ஏறும் வரைக்கும் நின்றுவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திரும்பிப் போனோம்.

அப்புறம் ஒவ்வொரு நாளும் ஆள் குறைந்தது. பகல் ஏறும் வரை தூங்கினார்கள். குடித்தார்கள். பம்பு நின்றதும் லயத்துக்கு ஒரே ஒரு பழைய கிணறு. கிணற்றடியில் முதலில் வாய்ச்சண்டை, பிறகு குடம் உடைந்தது, பிறகு ஒருவன் பாராங்கைத் தூக்கிக்கொண்டு வந்தான். எல்லாரும் எதையோ ஒளித்தார்கள். அரிசியைக் கட்டிலுக்கடியில், மண்ணெண்ணெயைக் கூரையில். அந்த லயத்தில் பசியைவிட சந்தேகம்தான் முதலில் வந்தது.

நான் கங்காணி மகன் இல்லை. பம்பு வீட்டில் எடுபிடி வேலை பார்த்தவன். ஒரு விடியலில் நேராகப் போய் அந்தத் தண்டவாளத்தை அடித்தேன். கை வலிக்க அடித்தேன்.

வந்தார்கள். திட்டிக்கொண்டே வந்தார்கள். "யாருடா நீ, புதுக் கங்காணியா? தொப்பி எங்கே?" என்று ஒருவர் கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் பேர் கூப்பிட ஆரம்பித்தேன். வீட்டுக்கு வீடு, ஆணும் பெண்ணும், ஒரு பேர் விடாமல். முதல் ஆள் பதில் சொல்லாமல் நின்றார். இரண்டாவது தடவை கூப்பிட்டதும் "இருக்கேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

எங்களிடம் பிரிக்க மரம் இல்லை, அதனால் தண்ணீரைப் பிரித்தேன். யார் ஓடைக்கு, யார் கிணறு தூர் வாரப் போவது, யார் லாலாங் வெட்டுவது. அழிந்துபோன நாற்றங்கால் முழுக்கத் தேடிக் குழாய் சேர்த்து, மேல்ஓடையிலிருந்து பம்பே இல்லாமல் பள்ளத்துக்குத் தண்ணீர் இறங்கும்படி நான் குழாய் போட்டேன். என் முதல் குழாய் வேலை அது. மணலும் அடுப்புக்கரியும் போட்ட டிரம்மில் வடிந்து லயத்து முனையில் தண்ணீர் விழுந்தது. ஒவ்வொரு விடியலும் அடித்தேன், கூப்பிட்டேன். பேர் சொன்னதும் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான்: "உன் வீட்டுல என்ன இல்ல?" என்ன இருக்கிறது என்று கேட்க மாட்டேன். இருப்பதைக் கேட்டால் ஒளிப்பான். இல்லாததைக் கேட்டால் வாய் திறப்பான்.

இதைச் சொல்லி முடித்தபோது அந்த ஏர்கோன் ரூமில் பூனை கத்தியது. பாஸ் மெதுவாக, "அங்கிள், இதுதான் கேம்," என்றார்.

அவ்வளவுதான், அதுவரை செய்திருந்ததில் பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்ப ஆரம்பித்தார்கள். தனியாகச் சுட்டுத் திரிகிறவன் போனான். இப்போது விளையாடுகிறவன் விடிந்ததும் தண்டவாளத்தை அடிக்க வேண்டும். காட்டிலும் லயத்திலும் ஒளிந்திருக்கிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். பேர் கூப்பிட வேண்டும். என்ன இல்லை என்று கேட்க வேண்டும். வேலையைப் பிரிக்க வேண்டும். சில நாள் அடிக்காமல் விட்டால் ஆட்கள் ஒளிக்க ஆரம்பிப்பார்கள், பிறகு கலைந்துவிடுவார்கள், விளையாட்டு முடிந்தது.

சத்தத்துக்கு என்ன செய்வது என்று யோசித்தார்கள். எங்கிருந்தோ கோயில் மணிச் சத்தம் எடுத்துப் போட்டார்கள். நான் காதைப் பொத்திக்கொண்டேன். அந்தத் தண்டவாளத் துண்டு என் கடையில் தொங்குகிறது. லயத்தை இடித்த அன்று நான்தான் அதை இறக்கி, தோளில் போட்டுக்கொண்டு வந்தேன். கம்பெனிப் பிள்ளைகள் கடைக்கே வந்து, ஒரு கம்பில் பூனைவால் மாதிரி மயிர் வைத்த மைக்கை நீட்டினார்கள். நான் அடித்தேன். தெரு நாய்கள் எல்லாம் எழுந்தன. பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பார்த்து, "என்ன, திரும்ப எஸ்டேட் திறந்துட்டாங்களா?" என்றான். "ஆமா, உனக்கு மூணாவது நிரை, ஓடு," என்றேன். அதையும் மைக் பிடித்துவிட்டது. திரும்ப அடித்தேன்.

ஆகவே அந்த விளையாட்டில் கேட்பது என் கை. எந்த நாட்டில் எவன் விளையாடினாலும் அவன் விடியல் என் அடியில்தான் விடிகிறது.

விளையாட்டு வெளியானது. வெளிநாட்டில் ஒருவன் விளையாடிக்கொண்டே பேசி வீடியோ போட்டிருந்தானாம். தங்கச்சி மகள் காட்டினாள். அவன் பேசிய இங்கிலீஷ் எனக்கு ஓடவில்லை. அவள்தான் சொன்னாள்: மற்ற விளையாட்டில் எல்லாம் ஆளைக் கண்டால் சுடுகிறோம், இதில் ஆளைக் கூப்பிடுகிறோம் என்று அவன் வியந்தானாம். அவன் வியந்தது என்னைப் பார்த்து. அது அவனுக்குத் தெரியாது. தெரிய ஒரே வழிதான் இருந்தது.

விளையாட்டு முடிந்ததும் வேலை செய்தவர்கள் பேர் வரிசையாக மேலே ஏறும். அதைப் பார்க்க ஆபீஸில் எல்லாரையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் இஸ்திரி போட்ட, பூப்போட்ட பாத்தேக் சட்டை போட்டுக்கொண்டு போனேன். முன் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். விளக்கை அணைத்தார்கள்.

பேர்கள் ஏறின. பாஸ் பேர். வரைந்தவர்கள் பேர், என் தங்கச்சி மகள் பேரும், கைதட்டினேன். பாட்டுப் போட்டவன் பேர். கணக்குப் பார்த்தவள் பேர். கீழ்க்கடையில் தே ஓ ஐஸ் தேநீர் கலக்கிக் கொடுத்தவர் பேர், எல்லாரும் சிரித்துக் கைதட்டினார்கள். வேலை நடந்தபோது பிறந்த பிள்ளைகள் பேர் என்று ஒரு வரி. பிறகு இரண்டு பூனைகள் பேர்.

பிறகு கடைசியாக, நடுத்திரையில்: பேராக் தோட்டப்புற மக்களுக்கு நன்றி.

விளக்கைப் போட்டார்கள். நான் எழுந்து படியிறங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் தங்கச்சி மகள் கடைக்கு வந்தாள். நான் ஒரு குழாய்க்கு மரை போட்டுக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை.

"மாமா, கோவமா?"

"பூனை என்ன வேலை செஞ்சது?"

"மாமா."

"இல்ல, தெரிஞ்சுக்கக் கேக்குறேன். நான் சனிக்கிழமை தவறாம வந்தேன். அது கீபோர்டுல படுத்திருந்துச்சு. அதுக்குப் பேர் இருக்கு."

குழாய்க் கட்டுமேல் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள், "பாஸ் உங்க பேரைத்தான் போடச் சொன்னாரு. நான்தான் வேணாம்னேன். மக்கள்னு போடலாம்னு சொன்னது நான்தான்."

மரை போடும் கருவியைக் கீழே வைத்தேன். "ஏன்?"

"அம்மாகிட்ட கேளுங்க."

என் தங்கச்சி அன்று சாயங்காலமே வந்தாள். கடைக்கு வெளியே என் நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்திருக்கச் சொல்லும் தைரியம் எனக்கில்லை.

"அண்ணே, நீ அங்க போய் என்னென்ன சொன்ன?"

"நடந்ததைச் சொன்னேன்."

"குழாய் போடுற வரைக்கும் தண்ணி எப்படி வந்துச்சு? அதைச் சொன்னியா? ரெண்டு மண்ணெண்ணெய் டின்னைக் காவடி கட்டி ஓடையிலருந்து பக்கத்துச் செம்பனைக் காட்டு வழியா யார் தூக்கினது? நீயா? லயத்துப் பொம்பளைங்க. நான் வயித்துல இவளை வச்சுக்கிட்டுத் தூக்கினேன்."

"பெரட்டு எடுத்தது நான்."

"நீ இரும்பை அடிச்ச. அடிச்சிட்டு முழிச்சுக்கிட்டு நின்ன. என்ன கேக்குறதுன்னு தெரியாம, 'யார் வீட்டுல அரிசி இருக்கு'ன்னு ஆரம்பிச்ச. எல்லாரும் ஊமையாயிட்டாங்க. பின்னால நின்னு உன் சட்டையை இழுத்து, 'இருக்குறதைக் கேக்காதே, இல்லாததைக் கேளு'ன்னு சொன்னது யாரு?"

கடைக்குள் லோரிக்காரன் இருமினான். சிரிப்பை அடக்குகிறான் என்று தெரிந்தது.

"நீதான்," என்றேன்.

"அந்த வார்த்தையைத்தான் இப்ப ஊரெல்லாம் பெருசாப் பேசுதாம். நீ சொன்னதா இருக்கு. என் மக ஆபீஸ்ல உக்காந்து அதைக் கேட்டிருக்கா, அம்மா சின்ன வயசுலருந்து சொன்ன கதையை மாமா தன் கதையா சொல்றாருன்னு நினைச்சிருக்கா. அவ உன் பேரைப் போடுவாளா?"

அவள் இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? யார் சொல்லிக் கொடுத்தது என்று எவனும் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கோபம் எனக்கு இன்னும் ஏறியதே தவிர இறங்கவில்லை. என்மேல் அல்ல. அந்த வரியின்மேல்.

"சரி, நீ தூக்கின. நீ சொல்லிக் கொடுத்த. உன் பேர் அதுல இருக்கா?" என்று கேட்டேன்.

நானே பதிலும் சொன்னேன்.

"மக்கள்னு இருக்கு. உன் மக என்னைத் தண்டிக்கிறேன்னு உன்னையும் சேர்த்து அழிச்சிட்டா. தண்ணி தூக்கின மத்தவங்க பேர்? முதல்ல இருக்கேன்னு சொன்ன ஆளு பேர்? ஒண்ணாவது இருக்கா?"

தங்கச்சி சேலை முந்தானையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். பிறகு, "பூனைக்கு இருக்கு," என்றாள்.

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்துவிட்டதால் கோபம் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நான் எழுதும் இந்தக் கதையில் யார் பேரையும் நான் எழுதவில்லை, என் பேரையும் சேர்த்து. காரணம் இருக்கிறது. பேர் விழ வேண்டிய இடம் இது இல்லை. எங்கே வேலை செய்தோமோ அங்கே விழ வேண்டும்.

மேல்மாடியில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். மக்கள் என்பது எங்களை அறியாதவன் எங்களுக்கு வைத்த பேர். துரை எங்களை லேபர் என்றான், ஆபீஸ் எங்களைத் தலை என்று எண்ணியது, நீங்கள் மரியாதையாக மக்கள் என்கிறீர்கள். எந்தக் கங்காணியும் திடலில் நின்று "மக்களே" என்று கூப்பிட்டுப் பெரட்டு எடுத்ததில்லை. அப்படிக் கூப்பிட்டால் ஒருவனும் இருக்கேன் என்று சொல்ல மாட்டான். நீங்கள் செய்த விளையாட்டிலேயே அப்படித்தான். ஒவ்வொரு பேராகக் கூப்பிடாவிட்டால் ஆள் நகர மாட்டான். அந்தச் சட்டத்தை விளையாட்டுக்குள் வைத்துவிட்டு, விளையாட்டு முடிந்ததும் மறந்துவிட்டீர்கள்.

சில மாதத்துக்கு ஒருமுறை அப்டேட் போடுவோம், எதையும் மாற்றலாம் என்று என் தங்கச்சி மகளே சொல்லியிருக்கிறாள். அப்படியானால், தங்கச்சி மகளே, நீ மாற்று. என் பேரை முதலில் போடு: தண்டவாளத்தை அடித்தவர், பெரட்டு எடுத்தவர், குழாய் போட்டவர். அதற்குக் கீழே உன் அம்மா பேர்: இல்லாததைக் கேட்கச் சொன்னவர், தண்ணீர் சுமந்தவர். அதற்குக் கீழே மற்றவர்கள். பேர்களை நான் கூப்பிட்டுச் சொல்கிறேன், ஒன்றையும் மறக்கவில்லை, வேண்டுமென்றால் அந்த மயிர் மைக்கைக் கொண்டுவா. பூனை இருக்கட்டும். அதன்மேல் எனக்கு வழக்கில்லை. எங்களை அதற்கு மேலே போடு, அவ்வளவுதான்.

முடியாது என்றால் என் சத்தத்தை எடுத்துவிடு. பழைய கோயில் மணியைப் போட்டுக்கொள். அதற்குப் பிறகு உன் விளையாட்டில் விடிந்தால், லயத்தை விட்டு எவன் வெளியே வருகிறான் என்று பார்.